கடைசி முந்நூறு மீட்டர்

புது வீட்டுக்குக் குடிவந்து பதினெட்டு நாள் ஆகியும் பாதிப் பெட்டிகள் பிரிக்காமலே கிடந்தன. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டியவன் நான்தான். ‘சமையலறை’ என்று எழுதியிருந்ததில் என் செருப்புகள் இருந்தன. ‘செருப்பு’ என்று எழுதிய பெட்டி எங்கே போனதென்றே தெரியவில்லை. சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் ஒரு வழி பண்ணிவிடலாம் என்று மச்சினியை உதவிக்குக் கூப்பிட்டிருந்தேன். என் மனைவியின் தங்கை அவள். வாயும் கையும் போட்டி போட்டுக்கொண்டு ஓடும்.

என் மனைவியோ ஒரு பெட்டியைப் பாதி பிரிப்பாள், அப்படியே விட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பாள். திரும்பி வந்து வேறொன்றைத் திறப்பாள். வியாழக்கிழமையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். இருபது வருடம் கூடவே இருக்கிறவனுக்கு அந்த ‘ஒன்றுமில்லை’யின் எடை தெரியாதா? ஆனாலும் தானாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மச்சினி புத்தகப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்தாள். தூசி கிளம்பியது. அடக்கப் பார்த்து முடியாமல், சின்னதாக, மூக்கோடு முடிந்துபோகிற மாதிரி ஒரு தும்மல் போட்டாள். என் மனைவியின் கையிலிருந்த பீங்கான் தட்டு தரையில் விழுந்து தூள் தூளானது.

“தும்மினது நான்க்கா. நீ எதுக்கு இப்படிப் பதறுற?” என்றாள் மச்சினி. பிறகு என் பக்கம் திரும்பி, “என்ன மாமா, அக்காவை என்ன பண்ணி வச்சிருக்கீங்க?” என்றாள்.

மனைவி தட்டுத் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தாள். பொறுக்காமல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“திங்கக்கிழமை ஆத்துல மூணாவது பகுதியில மண்வாரி மெஷின் இறங்குதுன்னு வியாழக்கிழமை சொன்னாங்க” என்றாள். “அங்க குருவி இல்லன்னு கையெழுத்துப் போட்டது நான். கடைசி முந்நூறு மீட்டர் நான் நடக்கவே இல்ல.”

எனக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. அவளுக்கு வேலை ஆற்றில். ஆற்றை மீட்கும் திட்டத்தில் பறவைக் கணக்கெடுப்பு செய்கிறாள். எங்கள் ஊர் ஆற்றின் இரண்டு கரையையும் பேய்நாணல் பிடித்திருக்கிறது. எங்கிருந்தோ அழகுக்கென்று யாரோ கொண்டுவந்து வைத்த புல். இன்றைக்கு மூன்று ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நிற்கிறது. விரல் நீள வேர்த்துண்டு ஒன்று தண்ணீரில் மிதந்து போனால் போதும், ஒதுங்குகிற இடத்தில் அது ஒரு காடாகிவிடும். கரையோரம் ஒரு காலத்தில் வரிசையாக நின்ற வஞ்சி மரங்கள் அதனடியில் வெளிச்சமும் தண்ணீரும் கிடைக்காமல் செத்துக்கொண்டே வந்தன. அந்த மரங்களை நம்பி வாழ்ந்த தும்மல்குருவியும் அவற்றோடு போய்க்கொண்டிருந்தது. அதன் குரல் அடக்கின தும்மல் மாதிரியே இருக்கும் என்பதால் வேலையாட்கள் வைத்த பெயர் அது.

நாணலை வெட்டி, வேரோடு தோண்டி எடுத்து, அந்த இடத்தில் வஞ்சிக் கன்று நடுவதுதான் திட்டம். ஒரு பகுதியில் மண்வாரி இறங்குவதற்கு முன், பத்து நாளுக்கொரு தடவையாக மூன்று தடவை, விடியலில் ஆள் நடந்துபோய்க் குருவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது தடவைதான் முக்கியம். அதற்குள் வந்து சேர வேண்டிய ஜோடிகள் எல்லாம் வந்திருக்கும்.

“ஒரு குருவிக்கா இவ்வளவு கூத்து?” என்று கேட்டுவிட்டாள் மச்சினி.

“ஒரு குருவி இல்லடி. மொத்த ஆத்துக்கும் முப்பத்தோரு ஜோடிதான் மிச்சம்.”

மூன்றாவது தடவை அவள் போன நாள் எது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் வீடு மாறிய நாள். சாமான் ஏற்ற வேண்டிய லாரி ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றுகொண்டு, ஓட்டுநர் தாம்தூம் என்று குதித்தான். நான் அவளுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை அவள், “இன்னும் முந்நூறு மீட்டர் இருக்குங்க” என்றாள். “முந்நூறு மீட்டர்ல என்ன பெருசா வந்துடப் போகுது? கிளம்பி வா” என்றேன். அப்படியே அந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

அவள் வந்தாள். முந்தைய இரண்டு தடவையும் அங்கே ஒன்றும் இல்லை. முழுக்க நாணல்தான், வஞ்சி ஒன்றுகூடக் கிடையாது. ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பீரோவை மாடிக்கு ஏற்றுவதுதான் பெரிதாக இருந்தது.

“நாளைக்குப் போய்ப் பார்த்துடலாம். இல்லன்னா நிம்மதியா தூங்கலாம்” என்றேன்.

“இருந்தா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வரும் நேரத்துக்கு ஆற்றில் இருந்தோம். அவளுக்கு அளவான ரப்பர் பூட்ஸ் இருந்தது. எனக்கு அவள் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தது இரண்டு அளவு பெரியது. ஒவ்வொரு அடிக்கும் கால் வெளியே வந்தது, பூட்ஸ் சேற்றிலேயே நின்றது. முழங்கால் தண்ணீரில் கரையை ஒட்டி நடந்தோம். இரண்டு பக்கமும் நாணல் நெருக்கமாக நின்று, வானம் ஒரு துணிப் பட்டை அளவுக்குத் தெரிந்தது. காற்றில் அது உரசுகிற சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. கொசுகூட என்னைத்தான் கடித்தது, அவளைச் சீந்தவில்லை.

முப்பது மீட்டருக்கு ஒரு தடவை நின்று, சின்ன ஒலிப்பெட்டியில் குருவியின் குரலை ஓடவிட்டு, மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். குருவி இருந்தால், தன் இடத்தில் வேறொருவன் வந்துவிட்டான் என்று கோபித்துக்கொண்டு பதில் சொல்லும். முதல் ஏழு இடத்தில் பதில் இல்லை. எனக்குள் ஒரு லேசான சந்தோஷம் வந்தது. அவள் முகத்திலும் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

எட்டாவது இடத்தில் ஒலிப்பெட்டியை அமுக்கினாள். அது தும்மி முடிப்பதற்குள் நாணலுக்குள்ளிருந்து இன்னொன்று தும்மியது.

அவள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அசையாமல் நின்றோம். பத்து நிமிடம் இருக்கும். பழுப்புப் பச்சையில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு பறவை ஒரு நாணல் தண்டில் வந்து உட்கார்ந்தது. அலகில் ஒரு பச்சைப் புழு தொங்கியது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போனது. அவள் தொலைநோக்கியை என்னிடம் நீட்டினாள். மூன்று தண்டுகள் கூடுகிற கவட்டையில், ஒரு தேநீர்க் கோப்பை அளவுக்கு நார்க்கூடு. வஞ்சியில்லாத இடத்தில் இது கூடு கட்டாது என்று அவர்களுடைய கையேட்டில் இருக்கிறதாம். கையேட்டைக் குருவி பார்க்கவில்லை போலிருக்கிறது.

கரையேறிய பிறகுதான் பேசினாள். விரல் விட்டு எண்ணினாள்.

“கூடு கட்ட அஞ்சு நாள். முட்டை போட மூணு. அடைகாக்கப் பதிமூணு. இப்ப புழு கொண்டுபோகுதுன்னா குஞ்சு பொரிச்சாச்சு. கூட்டிப் பாருங்க.”

“இருபத்தொண்ணு.”

“நாம வீடு மாறி?”

“பத்தொம்போது.”

“நான் நடந்திருந்தா அன்னிக்கே பார்த்திருப்பேன்” என்றாள்.

‘கிளம்பி வா’ என்று சொன்னவன் நான்தான். ஆனால் வாய் வேறு வழியில் போயிற்று. “நீ ஏன் அப்படிச் சொல்லணும்? இன்னிக்கு சும்மா பார்க்கப் போனேன், புதுசா ஒரு கூடு இருக்குன்னு மட்டும் சொல்லு. குருவியும் பொழைச்சுக்கும், உன் வேலையும் பொழைச்சுக்கும். தப்பா எழுதினேன்னு சொன்னா நீ எழுதின தாள் அத்தனையும் சந்தேகமாயிடும். எல்லா வேலையும் நிக்கும். மழை வர அஞ்சு வாரம்கூட இல்லன்னு நீதானே சொன்ன?”

அதில் உண்மை இருந்தது. மழைக்கு முன் நாணலை எடுக்காவிட்டால் வெள்ளம் வேர்த்துண்டுகளைக் கீழே அடித்துக்கொண்டு போகும். கீழே போன வருடம் நட்ட நாலாயிரம் வஞ்சிக் கன்றுகள் இருந்தன.

அவள் பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினாள். “நீங்க கம்பி பார்க்காம லிஃப்ட்டுக்குக் கையெழுத்துப் போடுவீங்களா?”

ஒரு தடவை போட்டிருக்கிறேன். எட்டு மாடிக் கட்டடம், மாலை நேரம், பசி. ஒன்றும் ஆகவில்லை. அதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

இருந்தும் கடைசியில் என் பேச்சுதான் எடுபட்டது. வீட்டுக்கு வந்து, திட்ட அதிகாரிக்குப் போன் போட்டு, நான் சொன்ன மாதிரியே சொன்னாள். எதிர்முனையில் அந்த அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. “லீவு நாள்ல போய்ப் பார்த்தீங்களா? உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு என்ன கவலை! கூட்டைச் சுத்தி அம்பது மீட்டர் விட்டுட்டு வேலையைத் தொடங்கலாம்.”

போனை வைத்தவள் அப்படியே நின்றாள். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். பாராட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்று பகல் முழுக்க வீட்டில் ஒரு இடத்தில் நிற்கவில்லை. துடைத்த மேடையையே துடைத்தாள். பிரித்த பெட்டியை மறுபடி கட்டினாள். மச்சினி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, நான் அடுத்த வாரம் வரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கள்கிழமை காலை நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். ஆற்றங்கரையில் ஏழெட்டுப் பேர் ரம்பங்களோடு நின்றிருந்தார்கள். மண்வாரியின் மேல் அதன் ஓட்டுநர் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பூனை என்று பெயர். ஆள் கதவை அடைக்கிற உருவம். ஆனால் அந்த இரும்புக் கையை அவன் இறக்கினால் ஒரு கன்றின் இலைகூடக் கசங்காது. பெயர் அதனால் வந்தது.

அகலத் தொப்பி போட்டிருந்த அதிகாரி என் மனைவியைக் கண்டதும் எல்லோரையும் கூப்பிட்டார். “இவங்க நேத்து போய்ப் பார்க்கலைன்னா இன்னிக்கு நாம ஒரு கூட்டை நசுக்கியிருப்போம்” என்றார். யாரோ கைதட்டினார்கள். பூனை பாதி ரொட்டியை வாயில் வைத்தபடியே கட்டை விரலை உயர்த்தினான்.

நான் கிளம்பியிருக்க வேண்டும். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

“மேடம், மூணாவது தடவை நான் அந்தப் பக்கம் போகவே இல்ல” என்றாள். “போகாமலே இல்லைன்னு எழுதிட்டேன். கூடு அன்னிக்கே இருந்துச்சு. நேத்து உங்ககிட்ட சொன்னதும் பொய்.”

கைதட்டியவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையில் விட்டுக்கொண்டார். அதிகாரி கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

“மத்த தாள் எல்லாம்?”

“மத்தது எல்லாம் முழுசா நடந்து எழுதினது மேடம்.”

“அதை நான் எப்படிம்மா நம்புறது? நேத்து போன்ல பேசினதும் நீங்கதானே.”

நான் குறுக்கே புகுந்து, லாரி, வீடு, நான்தான் போன் பண்ணினேன் என்று ஏதோ உளறினேன். அதிகாரி என்னைப் பார்த்து, “சார், நீங்க வேலைக்குப் போங்க” என்றார். மனைவியும் அதையேதான் கண்ணால் சொன்னாள். பூனை ரொட்டியைக் காகிதத்தில் சுருட்டி வைத்துவிட்டு இயந்திரத்தை அணைத்தான். அன்று முழுக்க எந்த லிஃப்ட்டுக்குள் நின்றாலும் கீழே போகிற மாதிரியே இருந்தது எனக்கு.

எல்லாப் பகுதியிலும் வேலை நின்றது. வேறொரு ஆற்றிலிருந்து ஒருவரை வரவழைத்து, அவள் நடந்த தூரம் அத்தனையும் மறுபடி நடக்க வைத்தார்கள். கணக்கெடுப்பிலிருந்து அவளை எடுத்துவிட்டுக் கீழே கன்று பராமரிக்கும் குழுவில் போட்டார்கள். கூட்டின் பக்கமே போகக் கூடாதென்று உத்தரவு. காவலுக்கு வேறு இரண்டு பேர். மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் வரும்போது அவள் ஒன்றும் கேட்க மாட்டாள்; ஆனால் அவர்கள் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். மூன்று குஞ்சு என்று முதல் நாள் தெரிந்தது. எட்டாம் நாள் இரண்டுதான் இருந்தது. பாம்பாக இருக்கும் என்றார்கள். பதினான்காம் நாள் கூடு காலியாக இருந்தது. இரண்டும் பக்கத்துத் தண்டுகளில் உட்கார்ந்து தீனிக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அதைச் சொல்ல எனக்குப் போன் செய்தாள். நான் ஐந்தாவது மாடியில் லிஃப்ட்டின் மேல் நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிட்டு, “சரி, நீங்க வேலையைப் பாருங்க” என்று வைத்துவிட்டாள்.

வெளியூர்க்காரரின் கணக்கும் வந்தது. வேறெங்கும் கூடு இல்லை. அவளுடைய மற்ற தாள்கள் சரியாகவே இருந்தன. ஆனால் இரண்டு வாரம் போய்விட்டது. குஞ்சுகள் நன்றாகப் பறக்க இன்னும் பத்து நாள் விட்டார்கள். மூன்றாவது பகுதியில் கால்வாசி வெட்டுவதற்குள் மழை, யாரையும் கேட்காமல், ஒரு வாரம் முன்னதாகவே இறங்கியது.

பயந்தபடியே நடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் வஞ்சிக் கன்றுகளுக்கு நடுவில் முழுக்க நாணல் வேர்த்துண்டுகள். பத்தே நாளில் ஒவ்வொன்றும் பச்சை முளை விட்டது. இயந்திரத்தை விட்டால் கன்று போய்விடும். கையால்தான் பிடுங்க வேண்டும். ஆள் போதவில்லை. ஞாயிறுதோறும் நானும் போனேன். ஒரு ஞாயிறு மச்சினியும் வந்தாள். நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் விட அதிகமாகப் பிடுங்கினாள்.

அந்தத் திங்கள்கிழமைக்குப் பிறகு பூனை என் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்வாரிக்கு வேலையில்லாததால் அவனும் சேற்றில் மண்டியிட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்தான், அவளுக்கு இரண்டு வரிசை தள்ளி. ஒரு ஞாயிறு, வெயில் ஏறிய நேரத்தில், “அக்கா, தண்ணி இருக்கா?” என்றான்.

அவள் குப்பியை நீட்டினாள். குடித்தான். மூடியைத் திருகிக்கொண்டே பேசினான்.

“நீங்க கையெழுத்துப் போட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு இறங்குவேன்க்கா. மூணு வருஷமா அப்படித்தான். அன்னிக்கு இறங்கியிருந்தா நசுக்கினது என் கை. எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது. அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல.”

“தெரியும்” என்றாள். மன்னிப்பு கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. குனிந்து, அவன் வரிசையில் அவன் விட்டுவிட்ட ஒரு முளையைப் பிடுங்கி எடுத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, “அது என் கணக்குல சேரும்” என்றான். அன்று மாலை வரை இருவரும் ஒரே வரிசையில் வேலை செய்தார்கள்.

மாத முடிவில் அதிகாரி வந்தார். சேற்றிலேயே இறங்கி வந்து நின்று, திட்டம் மாறிவிட்டது என்றார். குருவி நாணலிலும் கூடு கட்டுகிறது என்று தெரிந்த பிறகு அதை ஒரேயடியாக வழித்தெடுக்க முடியாது. இருபது மீட்டர் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டி, அங்கே வஞ்சி தலையெடுத்த பிறகுதான் அடுத்த பட்டை. ஒரு வருடத்தில் முடிய வேண்டிய வேலைக்கு இனி நான்கு வருடம். கன்றுகளிலும் அறுநூறு போய்விட்டது. இதில் எதையும் அவர் குறையாகச் சொல்லவில்லை, நிறையாகவும் சொல்லவில்லை. பிறகு என் மனைவியிடம், “அடுத்த பருவத்துக்குக் கணக்கெடுக்க ஆள் வேணும்” என்றார்.

அவள் கையிலிருந்த சேற்றை வழித்தாள். “தனியா வேண்டாம் மேடம்” என்றாள். “ரெண்டு பேரா அனுப்புங்க. ஒருத்தர் வீட்டுக்கு ஓடணும்னு நினைச்சா இன்னொருத்தர் நிக்கட்டும்.”

“இருக்கிற ஆளே பத்தலம்மா. ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க போறது?”

“நான் போறேன் மேடம்” என்றான் பூனை. எல்லோரும் திரும்பினோம். அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். “அந்தக் குருவியை நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. மேல மிதிச்சுடக் கூடாதுன்னு பயந்ததோட சரி.”

அதிகாரி அவனை உச்சி முதல் பாதம் வரை ஒரு தடவை பார்த்தார்.

“விடியக்காலம் எழுந்துப்பீங்களா?” என்று மட்டும் கேட்டார்.